ஒற்றை விசில்

கேட்ட கேள்விக்குப் பதில் வராவிட்டால் டெய்லரம்மாவுக்குச் சோறு இறங்காது. அன்று காலை டீகூட இறங்கவில்லை.

போன வாரம் நாம் இவர்களை விட்டுவிட்டு வந்தபோது, வேனுக்குள் இருந்த குட்டி ஃபிரிட்ஜில், வெண்ணெய் டப்பாவுக்குப் பின்னால், ஒரு கண் சொட்டு மருந்து பாட்டில் அவள் கையில் தட்டுப்பட்டதே, ஞாபகம் இருக்கிறதா? மேலே ஒட்டியிருந்த சீட்டை யாரோ நகத்தால் சுரண்டிக் கிழித்திருந்தார்கள். முப்பது வருஷமாகத் துணியோடு மல்லுக்கட்டியவளுக்கு, தானாகக் கிழிந்தது எது, வேண்டுமென்றே கிழித்தது எது என்று தெரியாதா என்ன?

"இது என்னங்க?"

"தூசிக்குப் போடறது."

"தூசி மருந்தை எதுக்கு வெண்ணெய்க்குப் பின்னால ஒளிச்சு வைக்கணும்?"

"ஒளிக்கல. குளிர்ல இருக்கணும்னு சொன்னாங்க."

"யாரு சொன்னாங்க?"

"காலங்காத்தால என்ன போலீஸ் விசாரணை? போர்வையை மடி, கிளம்பலாம்."

அவ்வளவுதான். டிரைவர் செருப்பை மாட்டிக்கொண்டு, வேனைச் சுற்றி வந்து டயரைத் தட்டிப் பார்க்கப் போய்விட்டார். வாயைத் திறக்கக் கூடாது என்று முடிவு செய்துவிட்டால் அந்த மனுஷனிடம் பாறாங்கல் தோற்றுப் போகும்.

முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டியவர். ஒரு கீறல் கிடையாது, ஒரு புகார் கிடையாது. ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருஷம் இருக்கும்போதே ஒரு நாள் எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து, "போதும்" என்றார். தனக்காகத்தான் வந்துவிட்டார் என்று டெய்லரம்மா தெரு முழுக்கச் சொல்லி மாய்ந்து போனாள். ஜாக்கெட் தைக்கக் கொடுக்க வந்தவர்கள் எல்லோரும் அந்தக் கதையைக் கேட்டுவிட்டுத்தான் போனார்கள்.

இந்த நாட்டில் வேலை பார்க்கும் மகள்தான் அவர்களை வரவழைத்து, பன்னிரண்டு நாளுக்கு இந்த கேம்பர் வேனை எடுத்துக் கொடுத்தாள். படுக்கை, அடுப்பு, ஃபிரிட்ஜ் எல்லாம் உள்ளேயே உண்டு. வீட்டுக்கே சக்கரம் வைத்தது போல. "வாழ்நாளெல்லாம் ஊரையே ஏத்திக்கிட்டுப் போனீங்கப்பா. அம்மாவை ஒரு தடவை ஏத்திக்கிட்டுப் போங்க" என்றாள். கடலோரம் பிடித்துப் பத்து நாளாயிற்று. மீன்பிடித் துறைமுகங்கள், ஆடு மேயும் பச்சை மேடுகள், ஆளில்லாத கலங்கரை விளக்கம் ஒன்று எல்லாம் பார்த்தாகிவிட்டது.

முதல் நாளே டெய்லரம்மா ஒரு விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். டிரைவரின் கடைசி நாளன்று, கூடவே பதினைந்து வருஷம் ஓடிய கண்டக்டர் அழுதுகொண்டே கொடுத்த விசில் அது. ரெண்டு ஊதினால் போகலாம். ஒன்று ஊதினால் நிற்க வேண்டும். இந்த நாட்டில் ஸ்டியரிங் இடது பக்கம். அதனால் அவள் உட்காருவது வலது பக்கம்.

"ரைட்ல சைக்கிள் வருது, டிரைவர் சார்!"

"ரைட்ல வேலி, ஒரு முழம் தள்ளியே போங்க!"

அவள் மறந்துவிட்டால் அவரே கேட்பார். "என்ன கண்டக்டர், தூக்கமா? ரைட்ல என்ன?" அறுபதை நெருங்கும் வயசில் இப்படி ஒரு கொஞ்சலா என்று டெய்லரம்மாவுக்கு உள்ளுக்குள் ஒரே குளிர்ச்சி. நாலு நாள் முன்னால் ஒரு சந்தில், அவள் பின்னால் தண்ணீர் எடுக்க எழுந்து போன அரை நிமிஷத்தில், வலது கண்ணாடி கல் சுவரில் இடித்துத் தொங்கியபோதுகூட அவளுக்கு எதுவும் தோன்றவில்லை. "சந்து குறுகல்" என்றார். டேப்பைச் சுற்றி ஒட்டினார். அவளும் நம்பிவிட்டாள்.

கிளம்பும்போது போன் அடித்தது. மகள்.

"அம்மா, நாலு மணிக்கு அந்தக் கடற்கரை மைதானத்துக்கு வந்துடுவோம். உங்க பேத்தி காலையில அஞ்சு மணிக்கே ஷூ போட்டு உக்காந்துட்டா. தாத்தா பஸ்லதான் வீட்டுக்கு வருவாளாம். நாங்க கார்ல முன்னாடி போறோம், அவளை உங்ககூட ஏத்தி விட்டுடறேன். நாப்பது கிலோமீட்டர்தானே?"

"தாத்தா பஸ்சுக்கு டிக்கெட் ரெடின்னு சொல்லு!" என்று டிரைவர் இங்கிருந்தே குரல் கொடுத்தார்.

டெய்லரம்மா போனை வைத்தாள். சிரிப்பு வரவில்லை. பாட்டில் விஷயத்துக்குப் பதில் வரும்வரை இவரோடு ஒரு வார்த்தை பேசினால் தன் பேர் டெய்லரம்மா இல்லை என்று முடிவு கட்டினாள். கடமைக்கு ரெண்டு ஊதினாள். வேன் நகர்ந்தது. அப்புறம் கையைக் கட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள்.

"ரைட்ல என்ன, கண்டக்டர்?"

பதில் இல்லை.

"ஏய், உன்னைத்தான். ரைட்ல என்ன?"

மூச்.

கடலை ஒட்டி வளைந்து வளைந்து போகிற ரோடு. டிரைவர் வேகத்தைக் குறைத்தார். அடிக்கடி கழுத்தை வலது பக்கம் திருப்பினார். தன்னைத்தான் பார்க்கிறார், சமாதானத்துக்கு வருகிறார் என்று நினைத்து டெய்லரம்மா இன்னும் விறைப்பாக உட்கார்ந்தாள். அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். வெளியே ஸ்வெட்டர் இல்லாமல் நிற்க முடியாத குளிர். இந்தக் குளிரில் மனுஷனுக்கு என்ன வேர்வை என்று ஒரு கணம் பட்டது. கோபம் அதை மேலே யோசிக்க விடவில்லை.

பிற்பகல் ஒரு மணிக்கு ஊர் வந்தது. கடலை நோக்கி இறங்குகிற ஒரே தெரு. அந்தத் தெருவின் கோடியில்தான் மகள் சொன்ன மைதானம். ரொட்டிக் கடை வாசலில் நாலு பேர் நின்றிருந்தார்கள். இரண்டு பக்கமும் கார்களை நெருக்கி நிறுத்தியிருந்தார்கள்.

வலது பக்கம், இரண்டு கார்களுக்கு நடுவிலிருந்து, தபால்காரி ஒருத்தி தள்ளுவண்டியோடு, தெருவைக் கடக்கப் போட்ட வெள்ளைக் கோடுகளில் இறங்கினாள். நிதானமாகத்தான் இறங்கினாள். வண்டி நிற்கும் என்ற நம்பிக்கை.

டெய்லரம்மா பார்த்தாள். இவர் பிரேக் போடுவார் என்று காத்திருந்தாள்.

போடவில்லை.

வாயில் வார்த்தை வரவில்லை. விசில்தான் வந்தது. எப்படி அது உதட்டுக்குப் போனது என்று அவளுக்கே தெரியாது. உயிரைக் கொடுத்து ஒரே ஊது ஊதினாள்.

டிரைவரின் கால் மூளையைக் கேட்காமலே பிரேக்கில் ஏறியது. பின்னால் தட்டும் டம்ளரும் கொட்டிக் கவிழ்ந்தன. வேன் நின்றது. தபால்காரிக்கும் வேனுக்கும் நடுவில் ஒரு சாண்கூட இல்லை. தள்ளுவண்டி சாய்ந்து, தெரு முழுக்கக் கடிதங்கள்.

"எதுக்கு ஊதினே?" என்றார் டிரைவர்.

"எதுக்கா? முன்னாடி பாருங்க!"

"எங்க? யாரு?"

தபால்காரி வேனின் வலது முனையில் நின்று இரண்டு கையையும் ஆட்டிக் கத்திக்கொண்டிருந்தாள். கையை நீட்டினால் தொடலாம். டிரைவரோ நேரே தெருவைப் பார்த்தார். இடது பக்கம் பார்த்தார். பிறகு முகத்தை முழுசாக வலப்பக்கம் திருப்பினார். அப்போதுதான் அவள் தரையிலிருந்து முளைத்த மாதிரி திடுக்கிட்டுப் பின்வாங்கினார்.

பாட்டில், டேப் சுற்றிய கண்ணாடி, 'ரைட்ல என்ன கண்டக்டர்', வேர்வை எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து வந்து டெய்லரம்மாவின் நெஞ்சில் மோதின.

இறங்கி ஓடினாள். மன்னிக்கச் சொல்ல இந்த ஊர் பாஷையில் மகள் சொல்லிக் கொடுத்த ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே கடிதங்களைப் பொறுக்கினாள். தபால்காரி வண்டியை நிமிர்த்திவிட்டு, டிரைவரைச் சுட்டிக் காட்டி, இரண்டு விரலால் தன் கண்களைத் தொட்டுக் காட்டினாள். அதைப் புரிந்துகொள்ள பாஷை தேவைப்படவில்லை.

டெய்லரம்மா மறுபடி வேனில் ஏறவில்லை. டிரைவரின் ஜன்னலுக்கு வந்தாள்.

"நான் முன்னாடி நடக்கறேன். என் முதுகைப் பாத்துக்கிட்டே வாங்க. நான் நின்னா நீங்க நில்லுங்க."

"ஏம்மா, தெருவே பாக்குது..."

"பாக்கட்டும். அவங்களுக்காவது கண்ணு இருக்கே."

அப்படித்தான் போனார்கள். முன்னால் புடவையும் ஸ்வெட்டருமாக ஒரு பெண்பிள்ளை கையை ஆட்டி ஆட்டி நடக்க, பின்னால் வீடு மாதிரி ஒரு வேன் ஊர்ந்து வந்தது. ரொட்டிக் கடைக்காரர் வெளியே வந்து பார்த்தார். இன்னொரு நாளாக இருந்தால் டெய்லரம்மாவே விழுந்து விழுந்து சிரித்திருப்பாள்.

மைதானத்தில் வேன் நின்றதும் உள்ளே ஏறிக் கதவைச் சாத்தினாள். கவிழ்ந்த டம்ளரை எடுத்து வைத்தாள். ஃபிரிட்ஜைத் திறந்து பாட்டிலை எடுத்து மேஜை மேல் வைத்தாள்.

"எத்தனை நாளா?"

டிரைவர் பாட்டிலைப் பார்த்தார். "ஒண்ணரை வருஷம்."

"என்ன அது?"

"கண்ணுல பிரஷர். வலது கண்ணு அநேகமாப் போச்சு. நேரா கொஞ்சம் தெரியும், ஓரம் சுத்தமாத் தெரியாது. போனது இனிமே வராதாம். இடது நல்லாத்தான் இருக்கு. அதைக் காப்பாத்தத்தான் மருந்து. காலையில ஒரு சொட்டு, சாயந்திரம் ஆறு மணிக்கு ஒரு சொட்டு. ஒரு வேளைகூட விடக் கூடாது."

"டாக்டர் வண்டி ஓட்டலாம்னாரா?"

அவர் பாட்டிலைச் சற்றுத் தள்ளி வைத்தார்.

"ஒண்ணரை வருஷம்... அப்பதானே வேலையை விட்டுட்டு வந்தீங்க?"

"ஆமா. டிப்போவுல கண் டெஸ்ட் வர்றதுக்கு முன்னாடி நானே எழுதிக் குடுத்துட்டேன். அறுபது பேரை ஏத்திக்கிட்டு இந்தக் கண்ணோட ஓட்டக் கூடாதும்மா. மனசு ஒப்பல."

டெய்லரம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. எனக்காக வந்தார், எனக்காக வந்தார் என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாள்! நூலிழை பிசகினால் கண்டுபிடிக்கிற கண், புருஷன் கண்ணில் கோட்டை விட்டுவிட்டதே.

"அறுபது பேரை ஏத்த மனசு ஒப்பல. என்னை ஒருத்தியை ஏத்த மட்டும் ஒப்புச்சா?"

"அப்படி இல்ல..."

"பின்ன எப்படி? நான் என்ன சாமான் மூட்டையா?"

"நீ பக்கத்துல இருந்தே. ரைட்ல உக்காந்து எல்லாத்தையும் சொல்லிக்கிட்டே வந்தே. அந்தப் பக்கத்துக் கண்ணு நீதான்னு நெனச்சேன். மக ஆசையா எடுத்துக் குடுத்தா. 'எங்கப்பா எந்த வண்டியையும் ஓட்டுவாரு'ன்னு மாப்பிள்ளைகிட்ட பெருமையடிச்சா. அப்ப நான் எப்படிச் சொல்லுவேன்? லைசென்ஸ்ல தேதி இன்னும் முடியல. பன்னெண்டு நாள்தானே, ஓட்டிடலாம்னு..."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே! நான் விளையாட்டுன்னு நெனச்சேங்க. நீங்க கொஞ்சறீங்கன்னு நெனச்சேன். இன்னைக்குக் கோவத்துல வாயை மூடிக்கிட்டேன். நான் பேசலைன்னா உங்களுக்கு அந்தப் பக்கமே இல்லைன்னு எனக்கு எப்படித் தெரியும்? அந்தப் பொண்ணுக்கு ஒண்ணு ஆகியிருந்தா, அந்தப் பாவத்துல எனக்கும் பாதி. தெரியாமலே என்னைக் கூட்டு சேத்துட்டீங்க!"

டிரைவர் தலையைக் குனிந்துகொண்டார். ஸ்டியரிங்கில் காய்த்துப் போன உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அந்தக் குனிந்த தலையைப் பார்க்க அவளுக்குத் தாங்கவில்லை. பாவம் என்றும் இருந்தது, நாலு அறை விடலாம் என்றும் இருந்தது.

"நாப்பது கிலோமீட்டர்தாம்மா" என்றார் மெல்ல. "நீ சொல்லிக்கிட்டே வா. போய்ச் சேந்ததும் சாவியைக் குடுத்துடறேன். அப்புறம் ஜென்மத்துக்கும் ஸ்டியரிங்கைத் தொட மாட்டேன். மாப்பிள்ளை முன்னாடி என்னைக் குருடனா நிறுத்தாதே."

"பாப்பா ஏறப் போறா."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

டெய்லரம்மா பாட்டிலை எடுத்து ஃபிரிட்ஜில், இந்தத் தடவை வெண்ணெய் டப்பாவுக்கு முன்னால் வைத்தாள்.

"நான் சொல்ல மாட்டேன். நீங்களே சொல்லணும். நாலு மணி வரைக்கும் டைம் இருக்கு."

நாலு மணிக்குப் பத்து நிமிஷம் முன்னாலேயே கார் வந்துவிட்டது. பேத்தி கதவு முழுசாகத் திறக்குமுன் குதித்தாள். "தாத்தா பஸ்! தாத்தா பஸ்!" டிரைவர் முகம் கழுவி, தலை சீவி, சட்டையை மாற்றிக்கொண்டு தயாராக நின்றார். பாப்பாவைத் தூக்கித் தட்டாமாலை சுற்றினார். பார்க்கிறவர்களுக்கு ஒரு குறையும் தெரியாது.

மாப்பிள்ளை வேனைச் சுற்றி வந்தார். டேப் சுற்றிய கண்ணாடியைத் தொட்டுப் பார்த்தார்.

"என்ன மாமா ஆச்சு?"

டெய்லரம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். இதுதான் நேரம். சொல்லிவிடுங்கள், சொல்லிவிடுங்கள்.

"சந்து குறுகல், மாப்பிள்ளை" என்றார் டிரைவர்.

அவளுக்குள் ஏதோ ஒன்று சட்டென்று அறுந்தது.

மகள் பாப்பாவைப் பின் இருக்கையில் உட்கார வைத்து பெல்ட்டை மாட்டினாள். மாப்பிள்ளை காரில் ஏறிப் போய் மைதானத்தின் வாசலில் நிறுத்திக் காத்திருந்தார். டிரைவர் தன் இடத்தில் ஏறி உட்கார்ந்தார். டெய்லரம்மாவும் ஏறினாள். மகள் கதவருகிலேயே நின்று, "அப்பா, மெதுவா வாங்க" என்றாள்.

எஞ்சின் உறுமியது.

"கண்டக்டர்" என்றார் டிரைவர். குரல் கெஞ்சியது. அவளைப் பார்க்கவில்லை. "ரைட் குடு."

முப்பத்தொரு வருஷத்தில் ரெண்டு விசில் கேட்காமல் அவர் ஒரு நாளும் வண்டியை எடுத்தவரில்லை. இப்போதும் எடுக்கவில்லை. காத்திருந்தார். ஊதினால் புருஷன் மானம் மிஞ்சும். பின்னால் பாப்பா காலை ஆட்டிக்கொண்டு பாடிக்கொண்டிருந்தாள். அந்தத் தெரு, அந்தத் தள்ளுவண்டி, அந்த ஒரு சாண் இடைவெளி டெய்லரம்மாவின் கண்ணை விட்டுப் போக மாட்டேன் என்றது.

விசிலை வாயில் வைத்தாள்.

ஒன்று.

அதோடு எடுத்துவிட்டாள்.

"பாட்டி, தப்பு!" பாப்பா பின்னாலிருந்து கத்தினாள். போனில் தாத்தா எல்லாம் சொல்லிக் கொடுத்திருந்தார். "ரெண்டு தடவை ஊதணும்! ஒண்ணுன்னா நில்லு!"

"தப்பில்லடா கண்ணு" என்றாள் டெய்லரம்மா. "நில்லுன்னுதான் ஊதினேன்."

எஞ்சின் அணைந்தது. டிரைவர் சாவியை உருவி, சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கீழே இறங்கினார்.

"என்னப்பா?" என்றாள் மகள்.

"உங்கம்மாவைக் கேளு. கண்டக்டர் நிறுத்தச் சொன்னா நிறுத்தித்தான் ஆகணும்." சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. திரும்பிப் பார்க்காமல் மைதானத்தின் வாசலை நோக்கி நடந்தார்.

கடல் காற்று கொஞ்சம் படட்டும், கோபம் தணிந்து வருவார் என்று விட்டுவிட்டாள் டெய்லரம்மா. மகள் கையைப் பிடித்து, ஃபிரிட்ஜைத் திறந்து பாட்டிலைக் காட்டி, எல்லாவற்றையும் சொன்னாள். ஒன்றும் ஒளிக்கவில்லை. தபால்காரியையும் சொன்னாள். மகள் முதலில் வெளுத்தாள். பிறகு பாப்பாவின் பெல்ட்டை அவிழ்த்து, அவளை மார்போடு இறுக்கிக்கொண்டாள்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே ஓட்டியிருப்பேனே, அம்மா. அப்பா பக்கத்துல உக்காந்து வந்தாப் போதுமே எனக்கு."

"அதை அவர்கிட்ட போய்ச் சொல்லுடி. இப்பவே சொல்லு. மனுஷன் செத்துக்கிட்டிருக்காரு."

இருவரும் இறங்கித் திரும்பினார்கள். மாப்பிள்ளை போனில் யாருடனோ பேசிக்கொண்டு காரிலேயே உட்கார்ந்திருந்தார். வாசலுக்கு வெளியே, ரோட்டோரம், ஒரு பஸ் ஸ்டாப். அங்கே டிரைவர் நின்றிருந்தார். எதிரே ஒரு பஸ் வந்து நின்றது.

"அப்பா பஸ்ஸை வேடிக்கை பாக்கறார் போல" என்றாள் மகள்.

அவர் வேடிக்கை பார்க்கவில்லை. கைப்பிடியைத் தடவிப் பிடித்துக்கொண்டு ஏறினார்.

"ஏங்க!"

அவர் போன் வேனில், ஸ்டியரிங் பக்கத்திலேயே கிடந்தது. வேன் சாவி அவர் பையில். அந்த பஸ் எந்த ஊருக்குப் போகிறதென்று அவருக்கும் தெரியாது, இவர்களுக்கும் தெரியாது. ஆறு மணி சொட்டு மருந்து மகளின் கையில் இருந்தது.

டெய்லரம்மா ஓடினாள். ஸ்வெட்டர் நழுவ, புடவை காலைத் தடுக்க, ஐம்பத்தைந்து வயசுக் காலில் எவ்வளவு ஓட முடியுமோ அவ்வளவு ஓடினாள். பஸ் நகர்ந்தது. முதல் இருக்கையில், அந்த ஊர் டிரைவருக்கு மறுபக்கத்தில், அவர் தலை தெரிந்தது. வலது பக்க ஜன்னலோரம். அந்தப் பக்கம் யார் ஓடி வந்தாலும் அவருக்குத் தெரியாது.

விசிலை வாயில் வைத்து, ஒரே ஊது ஊதினாள்.

பஸ் நிற்கவில்லை. இந்த ஊர் டிரைவருக்கு விசிலைப் பற்றி என்ன தெரியும்? பதறிப் போய் இன்னொரு தடவை ஊதினாள்.

ஊதின பிறகுதான் உறைத்தது. ரெண்டாகிவிட்டது.

ஜன்னலுக்குள் அந்தத் தலை ஒரு கணம் நிமிர்ந்தது. பிறகு மெல்லக் குனிந்துகொண்டது. பஸ் வளைவில் திரும்பி மறைந்தது.